அவருடைய முழங்காலும் எங்கள் மோட்டார் சைக்கிளும்

என் கணவர் வலது முழங்காலை மாற்றிக்கொண்டது அறுபத்தொரு வயதில். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடங்கிய வலி அது. தையல் பிரித்த அன்று டொக்டர், இனி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடக்கலாம், படியேறலாம். சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“டொக்டர், மோட்டார் சைக்கிள் ஓடலாமோ?”

“என்ன மாதிரி? பட்டனா, கிக்கா?”

“கிக்தான். முந்நூற்றைம்பது சிசி, ஒற்றைச் சிலிண்டர். பழைய இங்கிலாந்துச் சாமான்.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, அது திருப்பி உதைக்கிற சாமான். என்ர மாமாவிட்ட ஒண்டு இருந்தது, தெரியும். நான் பாடுபட்டுப் போட்ட முழங்காலை அதுக்குக் குடுத்திடாதேங்கோ.”

ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேரும்வரை இவர் ஓட்டோவில் இருந்து, பக்கத்தால் போகிற மோட்டார் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தச் சைக்கிள் எங்கள் கல்யாணத்துக்கு ஆறு மாதம் பிந்தி வீட்டுக்கு வந்தது. தெஹிவளையில் இருந்த ஒரு பறங்கி மனிதர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது இவரிடம் விட்டுவிட்டுப் போனார். எங்கள் இரண்டு பேரையும்விட அதற்கு வயது கூட. கறுப்பு டாங்க், ஓரத்தில் கையால் இழுத்த பொன்னிறக் கோடு. இன்றைய சைக்கிள்களுக்கு எதிர்மாறாக வலது காலில் கியர், இடது காலில் பிரேக். எப்போதும் ஒரு துளி ஒயில் கசியும். கேற்றுக்குள் அது நிற்கும் இடத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியை வைத்திருந்தோம். காலையில் நான் அந்த மூடியைத் துடைப்பேன், பிறகு முற்றத்தைக் கூட்டுவேன்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். இவர் வெள்ளவத்தைச் சைவக்காரர். கல்யாணத்துக்கு முன்பு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் என்னுடைய கோயிலுக்கே போகவேண்டும். “அதுக்கென்ன, நான் கொண்டுபோய் விடுறன்” என்றார். இருபத்தாறு வருஷம் கொண்டுபோய் விட்டார். நான் பூசை காண்கிற நேரம் இவர் ஜிந்துப்பிட்டியில் ஒரு கராஜில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, அங்கேயிருந்த மெக்கானிக் பாஸோடு காபரேட்டரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார். பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் கைநகத்தில் கிரீஸோடு நிற்பார். அதன்பிறகு அக்கா வீட்டில் சாப்பாடு. எங்கள் ஞாயிறு அதுதான்.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் காலிமுகத்திடல் பக்கம் ஆமிக்காரர் மறிப்பார்கள். அடையாள அட்டையை எடுத்து நீட்டவேண்டும். ஒரு ஞாயிறு ஒரு வயதான சார்ஜன்ட் அட்டையைக் கையில் வாங்கினாரே தவிர அதைப் பார்க்கவில்லை. சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்தார். தன்னுடைய அப்பாவிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது, குருநாகலில், என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, ஒருதரம் ஏறி உட்காரலாமா என்று கேட்டார். இவர் இறங்கி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். சார்ஜன்ட் துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து, ஹோர்னை ஒரு அடி அடித்தார். மூன்று பேரும் சிரித்தோம். அப்படி ஒரு ஞாயிறு ஒருமுறைதான் கிடைத்தது. மற்ற ஞாயிறுகளில் என் பையைக் கொட்டித்தான் காட்டினோம்.

முழங்கால் செய்தி மெல்பனில் இருக்கும் எங்கள் மகளுக்குப் போனதும் அவள் ஒரு படம் அனுப்பினாள். புதிதாக வந்த மொடல். அதே கறுப்பு டாங்க், அதே வட்ட ஹெட்லைட், அதே பொன்னிறக் கோடு. “அப்பா, முகம் அப்படியே உங்கட சைக்கிள்தான். பட்டனை அமத்தினா ஸ்டார்ட். நான் வாங்கித் தாறன்.”

காலி வீதியில் இருந்த ஷோரூமுக்குப் போனோம். பொய் சொல்லக் கூடாது, அழகான சைக்கிள். டாங்கின் மினுக்கத்தில் எங்கள் முகம் தெரிந்தது. விற்பனைக்கு நின்ற பிள்ளை நல்ல மரியாதை.

“அங்கிள், வெளியில பாக்க மட்டும்தான் பழசு. உள்ளுக்க எல்லாமே புதுசு. ஒயில் ஒரு சொட்டுக் கசியாது.”

இவர் ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தார். கட்டைவிரலால் பட்டனை அமத்தினார். உடனே ஸ்டார்ட் ஆனது. இவர் தலையைச் சரித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

“சத்தம் காணாதே தம்பி.”

“சத்தம் வேணுமெண்டா வேற சைலன்சர் போடலாம் அங்கிள்.”

இறங்கி வந்து, “நல்ல சைக்கிள்தான். எடுப்பம்” என்றார் என்னிடம். கடையில் பருப்பு வாங்கும்போது சொல்லும் அதே குரல்.

புதியது வந்தால் இரண்டை நிறுத்த எங்களுக்கு இடமில்லை. பழையதை விற்கப் போவதாக இவர் இரண்டு மூன்று பேரிடம் சொன்னார். அந்தக் கிழமையே ஒருவர் பார்க்க வந்தார். கடற்கரைப் பக்கம் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கிற இளைஞர். போனில் பத்துப் பதினைந்து படம் எடுத்தார். குந்தியிருந்து அளவும் எடுத்தார். அளவு எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு குசினியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சுவரில மாட்டப் போறம் அங்கிள். காஷியருக்கு மேல. என்ஜினைக் கழட்டினாப் பாரம் குறைஞ்சிடும். ஹெட்லைட்டுக்குள்ள ஒரு மஞ்சள் பல்ப் போட்டா சூப்பரா இருக்கும்.”

“தம்பி, இது ஓடுற சைக்கிள்” என்றார் இவர்.

“பரவாயில்லை அங்கிள். ஓடாட்டியும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை.”

இவர் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். நான் தட்டோடு வெளியே வந்தேன்.

“தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி. சைக்கிள் விக்கிறேல்லை.”

அந்தப் பிள்ளை இவரைப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை மழையைப் பற்றிக் கதைத்தோம். அவர் போனதும் இவர் கேற்றைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“விக்கிறேல்லை எண்டீர். அப்ப ஆர் உதைக்கிறது? ஆர் ஓடுறது?”

“நான்தான்.”

இவருக்கு வந்த சிரிப்பில் கதிரையைப் பிடித்து உட்காரவேண்டியதாகிவிட்டது. எனக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. அதுவரை சைக்கிள் என்றால் மிதிக்கிற சைக்கிள்கூட ஓடியதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அது சுவரில் தொங்குவதை நினைத்ததும் வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகு சிரித்தாரே, அதுதான் என்னை இறுக்கிப்போட்டது.

மறுநாள் காலை இவர் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் வீட்டில் போடுகிற பழைய சல்வாரோடும், மகள் விட்டுப்போன கன்வஸ் சப்பாத்தோடும் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஊன்றுகோலால் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

“முதல் பெற்றோலைத் திறவும். காபரேட்டரில அந்தச் சின்ன முளை இருக்கெல்லே, அதை அமத்தும். பெற்றோல் நனையுமட்டும். காணும், காணும்! இப்ப ஹேண்டிலில இந்த லீவரைப் பின்னுக்கு எடும். அதை மறந்தா உம்மட கால் போச்சு.”

அதற்குப் பிறகுதான் கிக்கர். மெல்ல மிதித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அது கல்லுப்போல நிற்கும். அந்த இடத்தில் இன்னொரு லீவரைப் பிடித்து, ஒரு மயிரிழை தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன்பிறகு ஒரே மிதி. பாரமோ பலமோ அல்ல, அந்த மயிரிழைதான் எல்லாம் என்றார்.

முதல் நாள் நான் மிதித்த மிதியில் அது ஒருதரம் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் அந்த முதல் லீவரைப் பின்னுக்கு எடுக்க மறந்துபோனேன். கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்காலுக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் கன்றிவிட்டது. இவர் ஊன்றுகோலை எறிந்துவிட்டு எழும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“காணும். நாளைக்கே அந்த ஷோரூம் பெடியனுக்கு ஃபோன் பண்ணிப் புதுசைக் கொண்டுவரச் சொல்லுறன்.”

“தைலத்தை எடுத்துத் தாங்கோ” என்றேன். “ஃபோன் ஒண்டும் பண்ணவேண்டாம்.”

அடுத்த கிழமை முழுக்க மிதித்தேன். பக்கத்து ஃபிளாட்டில் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி பல்கனிகளில் பல் தீட்டுகிற நேரத்துக்கு ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு அன்ரி தன்னுடைய கேற்றுக்குள் நின்று, “பிள்ளை, இது உமக்குத் தேவையா?” என்று தினமும் ஒருதரம் கேட்பா. தினமும் நின்று பார்ப்பா.

ஒன்பதாம் நாள்தான் கால் விளங்கிக்கொண்டது. நான் இளம்வயதில் காலால் மிதிக்கிற தையல் மெசினில் நிறையத் தைத்தவள். சக்கரம் பிழையான இடத்தில் நின்றால் அது பின்பக்கம் ஓடி நூலை அறுத்துவிடும். சரியான இடம் பாதத்துக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்குக் கிக்கரிலும் அந்த இடம் பாதத்தில் வந்து தட்டியது. மூச்சை விட்டேன், மிதித்தேன். டும் என்றது. பிறகு டும், டும், டும் என்று நிதானமாக, கேற்றுத் தகரம் அதிர, நின்று பேசத் தொடங்கியது.

மூன்றாம் மாடியில் யாரோ விசிலடித்தார்கள். எதிர்வீட்டு அன்ரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினா. இவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. சைக்கிளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஷோரூம் பிள்ளைக்கு அடித்தார்.

“தம்பி, மன்னிக்கோணும். புதுசு வேண்டாம். என்ர மனுசி பழசை ஓடப்போறா.” மறுபக்கம் என்னவோ கேட்டது. “ஓம் தம்பி, மனுசிதான். பட்டன் இல்லாததை.”

ஓடப் பழக மூன்று மாதம் எடுத்தது. விடியற்காலை மரைன் டிரைவில் வாகனம் குறைவு. இவர் நடைபாதைச் சுவரில் உட்கார்ந்து நான் போவதையும் வருவதையும் பார்ப்பார். இரண்டுமுறை விழுந்தேன். ஒருமுறை பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, இளநீர்க்காரரின் தள்ளுவண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றேன். அவர் கோபிக்கவில்லை. இளநீர் ஒன்று வெட்டித் தந்து, சிங்களம் கலந்த தமிழில், “அக்கே, முதல் இதைக் குடிங்க” என்றார்.

லைசன்ஸ் சோதனைக்கு வந்தவர்களிலேயே வயது கூடியவள் நான், சைக்கிள் என்னைவிட மூத்தது. எட்டுப் போட்டுக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்து என்ஜினை நிறுத்தச் சொன்னார். “நோனா, ஆயெத் ஸ்டார்ட் கரண்ட” என்றார். அம்மா, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ என்கிறார். பெற்றோல், முளை, லீவர், அந்த மயிரிழை. முதல் மிதியிலேயே பிடித்தது. வரிசையில் நின்ற இளம் பெடியன்கள் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் கடதாசியில் எழுதும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

லைசன்ஸ் வந்த முதல் ஞாயிறு இவர் பின்னால் ஏறினார். டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். டொக்டர், “பின்னுக்கு இருக்கலாம். ஆர் ஓடுறது?” என்று கேட்டாராம். இவர் சொன்னதும், “அவவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்கோ, பாக்கோணும்” என்றாராம்.

பம்பலப்பிட்டி வரைக்கும், “கியரை மாத்தும்”, “பஸ் வாறான்”, “கிளட்ச், கிளட்ச்” என்று என் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தார். கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நின்றபோது என்ஜினை அணையவிட்டுவிட்டேன். பின்னால் பஸ் ஹோர்ன், ஓட்டோ ஹோர்ன். ஒரு ஓட்டோக்காரர் இறங்கி வந்து உதவவா என்றார். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, இவரை இறக்கி, மிதித்தேன். இல்லை. இன்னொருதரம். இல்லை. மூன்றாவது மிதியில் பிடித்தது. பஸ் கண்டக்டர் மிதிபலகையில் நின்று பஸ்ஸின் தகரத்தில் தாளம் போட்டான். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் காலிமுகத்திடலுக்குத் திரும்பியபோது காற்று வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

அங்கே இவர் திடீரென்று அமைதியாகிவிட்டார். வலிக்கிறதோ என்று பயந்து கேட்டேன்.

“இல்லையப்பா. கப்பல்” என்றார்.

“என்ன கப்பல்?”

“அங்க பாரும், வரிசையா நிக்குது. ஆறு, ஏழு கப்பல்.”

“நான் பாக்கேலாது. நான் ரோட்டைப் பாக்கிறன்.”

துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்காக முப்பது வருஷம் கப்பல்களின் கடதாசிகளோடு வேலை செய்தவர் இவர். உள்ளே வர முறை பார்த்துக் கடலில் நிற்கிற கப்பல்களை இந்தப் பாதையில் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லையாம். அவருடைய கண் எப்போதும் குழியிலும் பஸ்ஸிலும்தான் இருந்திருக்கிறது. அதன்பிறகு நிறுத்தவே இல்லை. பட்டம் விற்கிறவன், கூரையில் குரங்கு மாதிரி ஏறி நின்று வண்ணம் பூசுகிறவன், கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் நெற்றியில் செதுக்கியிருந்த யானை. எல்லாவற்றையும் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார். இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த யானை அது. “அப்படியா” என்று கேட்டுக்கொண்டேன்.

பூசை மணி அடிக்கிற நேரம் கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா படியில் நின்றவள் செபமாலையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். இவர் இறங்கவில்லை. நான் ஹெல்மெட்டைக் கழற்றி, “இறங்குங்கோவன், பூசை தொடங்கப்போகுது” என்றேன்.

“இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு” என்றார் இவர், பிடியை விடாமல். “ஒருக்கா ஹார்பர் பக்கம் சுத்திக்கொண்டு வருவமா?”