ஆர்வோ லெஹ்டோவின் அசையாத மேசை

உலகம் ஒருநாள் அழியத்தான் போகிறது. அன்றைக்கு வீடுகள் பறக்கும், சுரங்கத்தின் புகைக்கூண்டு சாயும், பெரிய ஏரி கரையேறி வந்து காட்டை முழுங்கும். எல்லாம் அடங்கிய பிறகு மண்ணுக்கு மேலே நிற்கப்போவது ஒரே ஒரு பொருள். மிச்சிகனின் வடகோடியில் ஆர்வோ லெஹ்டோ தன் வீட்டு நிலவறையில் செய்து நிறுத்திய பட்டறை மேசை. அதில் யானையைக் கொண்டுவந்து கட்டலாம். அந்தக் காட்டில் யானை கிடையாது என்பது யானைகளின் அதிர்ஷ்டம்.

இப்படித்தான் ரோனி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ரோனி, ஆர்வோவின் தங்கை மகள். வயது பதினாறு. பள்ளிக்கூடமும் அவளும் ஒருவரையொருவர் பாதியில் கைகழுவி விட்டிருந்தார்கள். தேவாலயத்துப் போதகரின் காரில் பொய்யான அபராதச் சீட்டு ஒட்டியது, காப்பிக் கடை வைத்திருக்கும் கிழவியின் சர்க்கரைப் புட்டியில் உப்பைக் கொட்டியது என்று ஊரில் அவள் பேரில் ஏகப்பட்ட புகார். வேலை தேடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாமா வீட்டில் வந்து தங்கியிருந்தாள். தேடவில்லை.

மேசையைப் பற்றி அவள் ஊருக்குச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்த மேசை ஆடும். ஆட வைப்பதே அவள்தான்.

ஆர்வோ இரும்புச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். துளைத்துத் துளைத்து, அந்த இயந்திரத்தின் நடுக்கம் எலும்புக்குள் போய்க் குடியேறிவிட்டது. கம்பெனி வைத்தியர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று எழுதிக் கொடுத்தார். மனைவி ஒரு குளிர்காலத்தில் சூரியனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஃப்ளோரிடா போனவள், சூரியனோடேயே இருந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒரு துப்பாக்கி, நவம்பர் மாதத்து மான் வேட்டை, தோட்டா அடைக்கிற வேலை.

அந்த ஊரில் பாதி ஆண்கள் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியமாட்டார்கள். வீட்டில் வைத்து மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைத்துக்கொள்வார்கள். ஆனால் அவரவர் அடைத்தது அவரவர்க்கே. வண்டியை இரவல் கொடுப்பார்கள், படகைக் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் படுக்கையைக்கூடக் கொடுப்பார்கள். அடுத்தவன் கையால் அடைத்த தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடமாட்டார்கள். மருந்து ஒரு சிட்டிகை கூடிப்போனால் துப்பாக்கி முகத்துக்கு நேரே பிளந்துகொள்ளும்.

டெல்மர் புரூலே மட்டும் போடுவார். ஆர்வோவும் அவரும் இளவட்டங்களாகச் சுரங்கத்தில் இறங்கிய நாளிலிருந்து கூட்டாளிகள். வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் டெல்மர் வருவார், ஒரு பெட்டித் தோட்டாவை வாங்கிக்கொள்வார், திறந்துகூடப் பார்க்காமல் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். மற்றவர்களுக்கு வாழ்க்கையில் பதக்கம், பட்டம், பேரப்பிள்ளை என்று ஏதேதோ கிடைத்தன. ஆர்வோவுக்குக் கிடைத்தது அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காத டெல்மர்.

கை நடுங்கத் தொடங்கியதும் ஆர்வோ பழியைப் பழைய சாப்பாட்டு மேசை மேல் போட்டார். அதில்தான் அதுவரை தோட்டா அடைத்து வந்தார். "இது சூப்பு குடிக்கிற மேசைடீ. இதுல வேலை செஞ்சா இப்படித்தான்" என்றார். காசு போடாமல் ஒரு புது மேசை செய்வதென்று இறங்கினார்.

பூட்டிப்போன பள்ளிக்கூடத்தை இடித்தபோது தலைமையாசிரியர் அறைக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வெற்றிடம் இல்லாத கனத்த கட்டைக் கதவு. அதற்கு வெளியே எத்தனையோ தடவை தண்டனைக்காக நின்றிருந்த ரோனி, அதைப் படுக்கப் போட்டதும் மேலே ஏறி ஒரு ஆட்டம் ஆடினாள். அதுதான் மேற்பலகை. வாசல் படிக்கட்டைப் பிரித்ததில் கிடைத்த நாலு தூண்கள் கால்களாயின. குண்டைக் கூட்டுக்குள் அழுத்துகிற நெம்புகோலைப் பூட்டும் இடத்தை மேசைக்கு நடுவில் வைக்காமல் ஓரத்தில், காலுக்கு நேர் மேலே வைத்தார். நடுவில் வைத்தால் அழுத்த அழுத்தப் பலகை வளையும். அடியில் ஒரு தட்டு அடித்து, பனியில் வண்டி வழுக்காமலிருக்கப் பின்பக்கம் ஏற்றுகிற மணல் மூட்டைகளை அதில் அடுக்கினார். நிலவறைச் சுவர் எப்போதும் ஈரம் கசிகிற கல். அதில் ஆணி நிற்காது. ஆகையால் மேசை தன் காலில்தான் நிற்க வேண்டும், நீள நீளமான போல்ட்டுகளை நம்பி.

முதல் நாள் தராசை அதன்மேல் வைத்தார். சின்னக் கரண்டியில் மருந்தை அள்ளினார். கரண்டி தராசுத் தட்டை நெருங்கியதும் கை உதறியது. கறுப்பு எள்ளைச் சிந்தியதுபோல் மருந்து கதவெங்கும் சிதறியது. முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. ஆர்வோ முள்ளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு வேகவேகமாக மேசையைப் பார்த்தார்.

"ஆடுதுல்ல?" என்றார்.

"ஆமா மாமா, ஆடுது" என்றாள் ரோனி.

ஆடவில்லை. கல்லறைபோல நின்றது. அவர் மேலே போனதும் ரோனி ஸ்பேனரை எடுத்து முன்கால் நட்டைத் தளர்த்தி, சொன்ன பொய்யை உண்மையாக்கினாள். ஸ்பேனரைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மறுநாளிலிருந்து அது ஒரு வழக்கமாகிப்போனது. அவர் தன் பெட்டியிலிருந்து வேறு ஸ்பேனரை எடுத்து இறுக்குவார், அவள் தளர்த்துவாள். அவர் குறுக்கே ஒரு சட்டம் அடிப்பார், அவள் அந்தச் சட்டத்தின் திருகையும் சேர்த்துத் தளர்த்துவாள். மேசைக்குச் சட்டத்துக்கு மேல் சட்டமாக விழுந்தது. தோட்டா ஒன்றுகூடத் தயாராகவில்லை. ரோனிக்கு அதுதான் வேண்டும். மேசை ஆடுகிறவரை மாமாவுக்கு வெட்கம் இல்லை, டெல்மருக்கு முகம் இருக்கும். என்றைக்கு மேசை நிற்கிறதோ அன்றைக்கு மாமா அடைப்பார். டெல்மர் அதைத் திறந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார்.

டெல்மர் வரவேண்டிய நாளும் வந்தது. முந்தின ராத்திரி பனி கொட்டியதில் ரோனி தோழி வீட்டிலேயே தங்கிவிட்டாள். காலையில் எழுந்து ஓடிவந்தால், டெல்மரின் வண்டி வாசலில் நிற்கிறது. நேற்று சாயங்காலம் மாமா நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். இயந்திரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். ஸ்பேனர் இல்லை.

டெல்மர் ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். வாய் நிறைய ரொட்டி, அதைவிட நிறையப் பேச்சு.

"என்னடா இது, மேசையா பாலமா? மேலே ரயில் விடப்போறியா?"

"ஏறி நில்லு. உன்னைத் தாங்கினா ரயிலையும் தாங்கும்" என்றார் ஆர்வோ.

"இந்தக் கதவை எனக்குத் தெரியும்டா. இதுக்குப் பின்னாடிதான், ஹெட்மாஸ்டர் கண்ணு முன்னால, எங்கப்பா என்னைப் பெல்ட்டைக் கழட்டி அடிச்சாரு."

"பத்தலை. இன்னும் நாலு போட்டிருக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். டெல்மரின் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் முடிந்தது. அவர் கண் ஆர்வோவின் கையிலிருந்த காப்பிக் கோப்பையில் இருந்தது. கோப்பைக்குள் காப்பி தானாகவே அலையடித்துக்கொண்டிருந்தது.

"சரி" என்று ஆர்வோ கோப்பையை வைத்துவிட்டுத் தராசைத் தன் பக்கம் இழுத்தார். "உன் பெட்டியை முடிச்சிரலாம்."

எதையாவது தட்டிவிடலாமா, மயக்கம் போட்டு விழலாமா, வீட்டில் தீ என்று கத்தலாமா என்று கைவசமிருந்த வித்தை எல்லாவற்றையும் ரோனி யோசித்தாள். அதற்குள் டெல்மர் வழக்கம்போல முழங்கையை ஊன்றித் தன் தொப்பையோடு மேசைமேல் சாய்ந்தார். மேசை கிறீச்சென்று ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. தராசுத் தட்டு துள்ளிக் கீழே விழுந்தது.

"பாத்தியா?" என்றார் ஆர்வோ. "எவ்வளவு இறுக்கினாலும் ஆடுது. இதுல நிறுத்து உனக்குக் குடுத்தா உன் மூஞ்சி உன்கிட்ட இருக்காது. இந்த வருஷம் கடைத் தோட்டா வாங்கிக்கடா."

டெல்மர் மூச்சு விட்டார். மூன்று பேருக்கும் கேட்டது. "நீ சொன்னா சரிதான்டா" என்று எழுந்தவர் கொஞ்சம் அவசரமாகவே எழுந்துவிட்டார். கோட்டுப் பையிலிருந்து ஒரு புத்தம்புதுப் பெட்டி நழுவி, கடை ஒட்டின சீட்டோடு தரையில் விழுந்தது.

டெல்மர் குனிந்து எடுத்தார். "இது... தம்பி பையனுக்கு வாங்கினது."

தம்பி பையனின் துப்பாக்கிக்கு அந்த அளவு சேராது. அந்த நிலவறையில் அது தெரியாதவர்கள் யாரும் இல்லை.

"நல்ல தோட்டாதான்" என்றார் ஆர்வோ. "நல்லாச் சுடச் சொல்லு."

படியேறும்போது டெல்மர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "வேட்டைக் குடிலுக்கு வந்துருடா. காட்டுக்குள்ள அலையாத, அடுப்பைப் பார்த்துக்கோ. பசங்களுக்குச் சமைக்கத் தெரியலை."

"பார்க்கறேன்" என்றார் ஆர்வோ.

வண்டிச் சத்தம் தேய்கிறவரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு குனிந்து தராசுத் தட்டை எடுத்துத் துடைத்தார். ரோனி கடைக்கண்ணால் முன்காலைப் பார்த்தாள். நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் எப்படி ஆடியது?

ஆர்வோ கால்சட்டைப் பையில் கையை விட்டு அவளுடைய ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மெஷினுக்குப் பின்னாடி வச்சா துருப்பிடிக்கும்டீ."

"எது மாமா? அது யாரோடது?"

"இன்னைக்கு உன்னைக் காணோம். அதான் நானே கழட்டினேன்." ஸ்பேனரை மேசை ஓரத்து ஆணியில் மாட்டப் பார்த்தார். அது பலகையில் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருந்தது. விட்டுவிட்டார். "நீ எப்பவும் முன்காலைத்தான் கழட்டற. அது சும்மா முனகும். பின்காலைக் கழட்டணும். டெல்மர் எந்தப் பக்கம் சாய்வான்னு எனக்குத் தெரியாதா?"

ரோனி குனிந்து பின்காலைப் பார்த்தாள். "எப்ப மாமா தெரிஞ்சுது?" என்றாள்.

"முதல் நாளே" என்றார் ஆர்வோ. "அன்னைக்கு மேசை ஆடலைடீ. ஆடுதுன்னு சொன்னே பாரு, அப்பவே."