நண்டு மார்க்கு வரைந்தவர்

கோமதியம்மாள் இறந்த செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர், அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது அவர் பேச்சை நம்ப மறுத்த மனிதர். "நம்ம பாட்டி போயிட்டாங்க" என்றார் கேலரி முதலாளி. அந்த 'நம்ம' எப்போது முளைத்தது என்று நான் கேட்கவில்லை.

கோமதியம்மாளை அறிந்து, இரங்கல் கூட்டம் நடத்தும் உங்களுக்குத் தெரியும்: மட்டாஞ்சேரி மிளகு மூட்டைகளில் அச்சிட்ட வணிகச் சின்னங்களான மார்க்குகள் பலவற்றை இளம்வயதில் வரைந்தவர் அவர். சுமை தூக்கும், எழுத்தறியாத சுமட்டுக்காரர்கள் படத்தைப் பார்த்தே மூட்டைகளைப் பிரித்து அடுக்குவார்கள். அதனால் வரைந்த தாளைத் தரையில் போட்டு, நாலு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பாராம். "மூட்டை எப்படி விழுந்தாலும் நண்டு நண்டாத் தெரியணும்" என்பார். கம்பெனிக்காரர்கள் படத்தைப் பின்வாசலில் வாங்கிக்கொண்டு, முன்வாசலில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கம்பெனிக்காரர்களில் ஒருவரின் பேரன்தான் பாட்டனாரின் கிடங்குக்கு வெள்ளையடித்து கேலரி ஆக்கியவர். பழைய மார்க்குகளுக்குச் சட்டம் போட்டு மாட்டினார். கீழே ஒட்டும் அட்டைகளை எழுதியது அங்கே வேலை பார்த்த நான். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'வரைந்தவர் தெரியவில்லை.'

திறப்பு விழாவுக்கு மறுநாள், யாரும் அழைக்காமலே வந்தார் கோமதியம்மாள். தொண்ணூறை நெருங்கிய வயது. நண்டின் முன்னால் நின்று சிரித்தார்.

"என்ன மோனே, என் நண்டைத் தலைகீழாத் தொங்கவிட்டிருக்கே?"

"அது ஒரு பார்வை, பாட்டி. யாரோ வெள்ளைக்காரன் வரைஞ்சிருப்பான்" என்றார் முதலாளி.

"வரைஞ்சது நான்."

"ஓர்மைப் பிசகு, வயசானா ஞாபகம் தப்பும். எங்க தாத்தா காலத்துல பொம்பளைங்க ஏது?"

"பின்ன உங்க அப்பனை யாருடா பெத்தா?"

முதலாளி ஆதாரம் கேட்டார். "நான் வரையலன்னு நீ காட்டு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார் கோமதியம்மாள். அவர் வரைந்தது நாங்கள் இருவரும் குடியிருந்த தெருவுக்கே தெரியும், எனக்கும்.

"நீ எழுது மோளே, கோமதின்னு."

பேனா என் கையில் இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பேனாவின் மூடியைப் போட்டேன்.

கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் அட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தார். "வேண்டாம், விடு. உன் கையெழுத்தும் சகிக்கல." என்னை ஒருமுறை ஏளனமாகப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

இப்போது அந்தப் பெயரைப் பெரிதாக எழுதித் தரச் சொல்கிறார் முதலாளி. செத்தவர் பெயர் இருந்தால் நன்றாக விற்குமாம். அவரே எழுதிக்கொள்ளட்டும். நண்டையும் நேராக்கிக்கொள்ளட்டும், எது நேர் என்று தெரிந்தால்.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய பொறுமையைப் புகழப்போகிறீர்கள். பொறுமை அவருக்கு இருந்ததே இல்லை. எனக்கு அவர் விட்டுப்போனது அன்றைய ஏளனப் பார்வை ஒன்றுதான். அதில் பாதி முதலாளிக்கு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். போகும்போது அவரைக் கோமதியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுவதும் எனக்கே.