கேள்வியை முதலில் படி

அந்த நாளில் காலேஜுக்குள் காலெடுத்து வைக்க வேண்டுமென்றால் மெட்ரிகுலேஷன் என்ற பரீட்சையைத் தாண்ட வேண்டும். எங்கள் சித்தப்பா அதில் இரண்டு முறை விழுந்து எழுந்தவர். கணக்கில் விழவில்லை, சரித்திரத்தில் விழவில்லை, இங்கிலீஷில்தான் விழுந்தார். இங்கிலீஷிலும் ஒரே ஓர் இடத்தில். முன்பின் பார்த்திராத ஒரு பத்தியை அச்சடித்துக் கொடுத்து, அதன் கீழே கேள்விகள் கேட்டிருப்பார்கள். அதற்குப் பாசேஜ் என்று பெயர். மற்றதையெல்லாம் மளமளவென்று எழுதிவிட்டு வருகிற மனிதர், அங்கே மட்டும் சேற்றில் இறங்கிய வண்டி மாதிரி நின்றுவிடுவார்.

அவரைச் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாலக்காட்டுச் சீமையில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் அவரைப் போல வாசிக்கிற ஆளே கிடையாது. மழை பொய்த்த வருஷங்களில் மாரியம்மன் கோயிலில் மழை கேட்டுக் கதை வாசிப்பார்கள். மீசை முளைக்கும் முன்பே அந்த வேலை சித்தப்பாவுக்கு வந்துவிட்டது. அதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒரு வரியைக்கூடத் தாண்டக் கூடாது. துக்கமான இடத்தில் வாசிப்பை நிறுத்தக் கூடாது. யாராவது செத்துப்போன இடத்தில் நாக்கு வறண்டு போனாலும் சரி, ஒரு கல்யாணமோ, போனவன் திரும்பி வந்ததோ, நல்லதாக ஒன்று வருகிற வரைக்கும் வாசித்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். தப்பினால் வந்த மேகமும் கலைந்து போய்விடும் என்பார்கள்.

மகானுபாவர் இந்தப் பழக்கத்தை அப்படியே பரீட்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். முதல் தடவை பாசேஜை ஒரு வரி விடாமல், உதடு அசைய, ராகம் மட்டும் போடாமல் வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டாம் தடவை வந்த பாசேஜ், ஒரு படகு கடலில் மூழ்குவதோடு முடிந்துபோயிற்று. மூழ்கிய இடத்தில் எப்படிப் பேனாவைத் தொடுவது? மேலே போய், அந்தப் படகு நல்ல வெயிலில் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே கொண்டுவந்து வாசிப்பை முடித்து, மனசுக்குள் கற்பூரமும் காட்டியிருக்கிறார். கேள்விக்கு வந்தபோது காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதைக் கேட்டு அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை பாக்கலாம். இதுவும் போச்சுன்னா காலேசு ஆசையை உட்டுப்போட்டு உடும்பஞ்சோலை மலைக்குப் போயிரு. மாமன் ஊட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் படிச்ச ஆளு வேணும்னு சொல்லிட்டே இருக்கறாங்க," என்றார்.

நான் கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. சண்டை போடுவதற்கும் சமாதானமாவதற்கும், பனங்கிழங்கு சுடுவதற்கும், பேய்க்கதை கேட்டுப் பயப்படுவதற்கும் எனக்கு இருந்த ஒரே ஆள் சித்தப்பா. உடும்பஞ்சோலை எப்படியிருக்கும் என்று எங்கள் வண்டிக்காரரைக் கேட்டேன். அவர் ஏலமூட்டை ஏற்றப் போய் வந்தவர். அங்கே அட்டைப்பூச்சி காலில் ஏறினால் ரத்தம் குடித்துக் கொழுத்துத்தான் விழும், காய்ச்சல் கண்டால் திரும்பி வருகிறவர் பாதிப்பேர்தான் என்று நிதானமாக வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார். அதோடு தீர்மானித்துவிட்டேன். சித்தப்பா பாஸாகியே தீர வேண்டும். அவரை உடும்பஞ்சோலைக்கு அனுப்ப விடக் கூடாது. எனக்கு இருந்த வெறி அவருக்கு இருந்ததா என்பது இன்றுவரை சந்தேகம்தான்.

அந்தச் சமயத்தில் கல்பாத்தி அக்ரகாரத்திலிருந்து ஒருவர் வந்தார். சித்தப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். முதல் தடவையே தேறி, பாலக்காட்டுக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டார், ஆனால் தோட்டத்து இளநீருக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு இளநீரைக் குடித்துவிட்டு, படகு மூழ்கிய கதையைக் கேட்டு, புரைக்கேறச் சிரித்தார்.

"ஏண்டா, பரீட்சை ஹால்ல போய்க் காலட்சேபமா பண்ணிண்டிருக்காய்? பாசேஜை யாருடா முன்னாடி படிக்கறது? கேள்வியையாக்கும் முன்னாடி படிக்கணும். என்ன கேக்கறான்னு தெரிஞ்சுண்டு உள்ள போ. அது இருக்கற எடத்தைப் பிடி, எழுது, வெளில வா. மிச்சத்தைப் படிச்சு உனக்கென்ன ஆகணும்?"

"மிச்சத்தை அப்புடியே உட்டுட்டு வரலாமா?" என்று சித்தப்பா பரிதாபமாகக் கேட்டார்.

"பேஷா வரலாம். அது உன்னை ஒண்ணும் சபிக்காது."

இன்னும் சில சூட்சுமங்களும் சொன்னார். 'ஹூ' என்று கேட்டால் வரிக்கு நடுவே பெரிய எழுத்தில் தொடங்கும் வார்த்தையைத் தேடு, பெரும்பாலும் ஆள் பெயராக இருக்கும். 'வென்' என்றால் எண்ணைத் தேடு. 'வொய்' என்றால் பக்கத்தில் எங்கேயாவது 'பிகாஸ்' ஒளிந்திருக்கும். தெரியாத வார்த்தை வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே. பழைய கேள்வித்தாள்கள் ஒரு கட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில்தான் ஆரம்பித்தோம். முதல் நாளே அம்மா பார்த்துவிட்டாள். அம்மா வாழ்க்கைப்பட்டு வந்தபோது சித்தப்பா சின்னப் பையன். தாயில்லாத பிள்ளையைத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள் அவள்தான்.

"இதென்ன வாசிப்பு, தலையுமில்லாம வாலுமில்லாம? முடிவை முன்னால கேட்டுப்போட்டு நடுவால உட்டுட்டு எந்திரிக்கறதெல்லாம் ஊட்டுக்கு ஆகாது சாமி. செய்யறதுன்னா தோட்டத்துக்குப் போயிச் செய்யுங்க," என்றாள்.

போனோம். கிணற்று மேட்டில் அது ரொம்ப வசதியாகவே அமைந்தது. எங்களிடம் கடிகாரம் கிடையாது, ஆனால் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் சரிவில் இறங்கினால் தோல்சால் நிரம்பி மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்னுக்கு நகர்ந்து மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். பாத்தி ஒன்று நிறைவதற்குள் பாசேஜ் ஒன்றை முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நான்தான் பரீட்சை அதிகாரி. கையில் வேப்பங்குச்சி. "ஆச்சு, பாத்தி நெறைஞ்சிருச்சு, வையுங்க" என்று குச்சியால் தட்டுவேன்.

முதல் சில நாள் படாத பாடு பட்டோம். கேள்வியைப் படிப்பார், சரி. பாசேஜுக்குள் நுழைந்தால் பழைய குணம் வந்துவிடும். முதல் வரியிலிருந்து உதடு அசைய ஆரம்பிக்கும். ஒரு வரியைத் தாண்டச் சொன்னால், தாண்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கடைசியில் நான் ஒரு வழி செய்தேன். கேள்வியை அவர் உரக்கப் படித்ததும், பாசேஜில் என் விரலை ஓட்டுவேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியும், அர்த்தம் ஒரு மண்ணும் தெரியாது. 'ஹூ' என்றால் பெரிய எழுத்து, 'வென்' என்றால் எண். அவ்வளவுதானே? கோழி தானியத்தைக் கொத்துவதுபோல டக்கென்று கொத்திவிடுவேன். அவர் முதல் வரியை முடிப்பதற்குள் என் விரல் பதிலில் நிற்கும்.

சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "அம்மணி, உனக்கு இது என்னன்னு புரிஞ்சுதா?"

"எதுக்குங்க புரியோணும்?"

அதற்கப்புறம்தான் அவருக்கு ரோஷம் வந்தது. ஒன்பது வயசுப் பெண்ணிடம் தோற்பதா? போட்டி மும்முரமாகிவிட்டது. நான் கண்டுபிடிப்பதற்குள் அவர், அவர் கண்டுபிடிப்பதற்குள் நான். கவலை ஓட்டுகிறவர் வேறு மாட்டை மெதுவாக விட்டு சித்தப்பாவுக்கு நேரம் கொடுப்பார், நான் அதைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போவேன். மார்கழி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்தது. எங்கள் ஊரில் அந்தக் காற்று வேட்டியை உருவிக்கொண்டு போகும், கேள்வித்தாளையா விட்டுவைக்கும்? ஒரு தாள் பறந்து, பருத்திக் காட்டுக்குள் இறங்கியது. இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடினோம். ஓடிக்கொண்டே சித்தப்பா, தாள் பறப்பதற்குள் கண்ணில் பிடித்துவிட்ட கேள்வியைச் சொல்லி, பதிலையும் சொன்னார். பாசேஜ் செடியில் சிக்கிக் கிழிந்துகொண்டிருந்தது, அவரோ பதிலைச் சொல்லிவிட்டார். அந்த நாளில் நான் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, பிற்பாடு என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பரீட்சைக்கு நானும் போனேன். அழுது புரண்டு, அப்பாவின் வேட்டியைப் பிடித்துத் தொங்கி வண்டியில் ஏறினேன். முதல் நாளே பாலக்காட்டுக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் சித்தப்பா உள்ளே போனதும் நானும் அப்பாவும் எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பா பொடி போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்நேரம் பாசேஜுக்கு வந்திருப்பாரா, இந்நேரம் முதல் வரியிலிருந்து ஆரம்பித்திருப்பாரா, பக்கத்தில் குச்சியால் தட்ட நான் இல்லையே என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. சித்தப்பா ஓடி வந்தார். தலைப்பாகை கையில் இருந்தது, முகமெல்லாம் பல்.

"எழுதிட்டனுங்க அண்ணா. அத்தனை கேள்விக்கும் எழுதிட்டேன். அதுக்கு மேல நேரமும் மிச்சம்."

"என்ன பாசேஜுங்க சித்தப்பா?"

"குதிரை, அம்மணி. ஒரு கெழட்டுக் குதிரை. எசமானைச் சுமந்துகிட்டு மழையில மலைமேல ஏறுது, கால் இடறிப் பள்ளத்துல விழுந்துருது."

"விழுந்து?"

"விழுந்து... தெரியாது."

"செத்துப்போச்சா, பொழைச்சுதா?"

"அதைப் பத்திக் கேள்வியே இல்லை அம்மணி," என்றார் பெருமையாக. "கடைசி நாலு வரியை நான் தொடவே இல்லை."

நான் குதித்தேன். என் சிஷ்யன் அல்லவா? அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏன்டா, குதிரை என்னாச்சுன்னு தெரிஞ்சுக்காமயா எந்திரிச்சு வந்தே?" என்று கேட்டார். வண்டி கொல்லங்கோடு போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் குதிரைதான் பேச்சு. கால் இடறினால் சாகாது, இடுப்பு முறிந்தால்தான் சாகும் என்று வண்டிக்காரர் தம் பங்குக்குச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு வாயில்லாச் சீவனைப் பள்ளத்துல போட்டுட்டா வந்தீங்க?" என்றுதான் கேட்டாள். சோறு போடும்போது சித்தப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிரைக்காகத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு காத்திருந்தது ஒரு யுகம். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுவேன். ஒரு நாள் காலையில் கல்பாத்திக்காரரே வந்து இறங்கினார். வண்டி நிற்பதற்கு முன்பே அங்கவஸ்திரத்தை வீசிக்கொண்டு, "தேறிட்டான், தேறிட்டான்" என்று கத்தினார். அப்பா அவரைத் தொடக் கூடாது என்பதையும் மறந்து கட்டிக்கொண்டார். கவலையை நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள். எனக்கு இரண்டு தடவை போட்டாள். இனி உடும்பஞ்சோலை கிடையாது, ஏலத்தோட்டம் கிடையாது, சித்தப்பா எங்கேயும் போக வேண்டாம் என்று நான் அவர் தோள்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

சில நாள் கழித்து அட்டாலியிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினார்கள். அம்மா வேட்டிகளை மடித்து வைத்தாள், முறுக்கும் எள்ளுருண்டையும் கட்டினாள். வாசலில் வண்டி பூட்டி நின்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பொட்டி எதுக்குங்க சித்தப்பா?"

"காலேசுக்குப் போகோணுமல்ல அம்மணி. அங்கதான் தங்கிப் படிக்கோணும்."

"தோத்தாத்தானே போகோணும்? நீங்கதான் பாஸாயிட்டீங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வண்டிக்காரரைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை வந்துவிடுவேன் என்றார். கொஞ்ச காலம் வரவும் செய்தார். அப்புறம் மதராஸ் போனார், அங்கேயிருந்து உத்தியோகம் அவரை இன்னும் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. வடநாட்டில் ஏதோ ஒரு ஊரில் வீடு கட்டி அங்கேயே தங்கிவிட்டார். உடும்பஞ்சோலையாக இருந்திருந்தால் பொங்கல், தீபாவளி நோம்பிக்காவது வந்திருப்பார்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியுமா? சனிக்கிழமை வந்துவிடுவார் என்றால் வந்துவிடுவார். வண்டி பனைமரங்களைத் தாண்டி மறைந்ததும் உள்ளே ஓடினேன். "அட்டைப்பூச்சிகிட்ட மாட்டாமக் காப்பாத்திட்டோம்மா" என்று சமையலறையில் குதித்தேன். அம்மா உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். வழக்கமான அளவை முறத்தில் போட்டாள். பிறகு அதிலிருந்து ஓர் ஆழாக்கை எடுத்து அரிசிப்பானையில் திருப்பிக் கொட்டினாள். நான் பக்கத்தில் போய் நின்று, இன்றைக்கு ஏன் அரிசி குறைகிறது என்று கேட்டேன்.