இடம் மாறிய இரண்டு கேப்கள்

என் தாய்மாமன்தான் எனக்கு மாமனார். நான் வேலை செய்யும் பட்டறையும் அவருடையது, குடியிருக்கும் மாடியும் அவருடையது. கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலசமுத்திரத்தில் தனியாகப் பட்டறை போட இடம் பார்த்துவிட்டேன். அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அன்று காலை என் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, "இன்னைக்காச்சும் அப்பாகிட்ட சொல்லிருங்க. எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்றாள். எனக்கு மட்டும் முட்டவில்லையா என்ன!

நாகல் நகர் பட்டறையில் அய்யலூர்க்காரர் ஒருவரின் ஆடு ஏற்றும் வண்டி எஞ்சின் பிரிந்து கிடந்தது. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைப் பிடித்துத் தாங்கும் இரும்பு மூடிகளான பேரிங் கேப்களை மாமா யாரையும் தொட விடமாட்டார். தானே கழுவி, தானே பூட்டி, சூடம் காட்டி, வண்டிக்காரரையே கிராங்க்கை முதல் சுற்று சுற்றச் சொல்வார். அன்றும் சொன்னார். கையால் சுழல வேண்டிய கிராங்க், கம்பி போட்டு நெம்பியும் அசையவில்லை.

மாமா அசரவே இல்லை. "புது பேரிங்கு டைட்டாத்தேன் இருக்கும். பிஸ்டனப் போட்டு வண்டில ஏத்து. டிராக்டர்ல கட்டி இழுத்தா தானா லூசாயிரும்."

"ஆமா தம்பி, செத்த சீக்கிரம் முடிங்க. சந்தைக்கு ஆடு ஏத்தணும்" என்றார் அய்யலூர்க்காரர்.

கட்டி இழுப்பது எங்கள் பக்கத்து வியாதி. இறுக்கமாக இருந்தால் நல்ல வேலையாம், மண்ணாங்கட்டி! எண்ணெய் போக இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் உருகிப்போகும். அப்புறம் பழி என் தலையில்தான் விடியும். அந்தப் பேரோடு பாலசமுத்திரத்தில் கடை திறந்தால் எவன் வருவான்?

இருவரும் டீ குடிக்கப் போனதும் கேப்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் தளர்த்தியதும் கிராங்க் விடுபட்டது. துடைத்துப் பார்த்தால், மூன்றாவது இடத்துக்கு என்று மூன்று புள்ளி குத்திய கேப் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்தந்த இடத்தில் வைத்துக் கடைந்த கேப்கள் அவை, மாறினால் கிராங்க்கைப் பிடிக்கும். மாற்றிப் போட்டு, உள்ளே மெல்லிய மெழுகிழை வைத்து இறுக்கி, அது நசுங்கிய அகலத்தை அளந்தேன். இடைவெளி சரியாக இருந்தது. இழையை எடுத்துவிட்டு எண்ணெய் விட்டுப் பூட்டினேன். ஒற்றைக் கையில் சுழன்றது.

"அட, எப்படிப்பா?" என்றார் திரும்பி வந்த அய்யலூர்க்காரர்.

"ரெண்டு கேப்பு எடம் மாறிருந்துச்சுண்ணே."

"யாரு மாத்துனது?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நான் உண்மையைச் சொன்னால் அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

"நான்தேன். கழுவயில மாத்தி வச்சுட்டேன்" என்றேன்.

மாமாவின் முகத்திலிருந்து துண்டு இறங்கியது. "பாத்தீகளா? இந்த லட்சணத்துல தொரை பாலசமுத்திரத்துல தனியா எடம் பாத்திருக்காராம்! எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நான் இருக்க வரைக்கும் இவன் இங்கதேன்."

"மாமன் சொல்றதும் நியாயந்தானப்பா" என்று சிரித்தார் அய்யலூர்க்காரர்.

மதியம் மனைவி போன் செய்தாள். "சொல்லிட்டீங்களா?"

"அவருக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன சொன்னாரு?"

எதிரே மாமா அடுத்த எஞ்சினின் கேப்களை மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏலே, இதுல நீ கைய வைக்காத. மாத்திப்புடுவ."