கடல்மேல் அம்மா பிடித்த நோன்பு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நாலாங்கிளாசோடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தோணியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது.

உலகச் சண்டைக்கு முந்தின காலம். எனக்கு ஏழோ எட்டோ வயது. அத்தா மதுரையில் பூட்டுக்கடை வைத்திருந்தார். கீழக்கரையில் பெரியம்மா வீட்டுக்குப் போன நாங்கள், அங்கிருந்து தூத்துக்குடி மாமு வீட்டுக்குப் போக வேண்டும். ரயில் என்றால் மதுரைக்கே திரும்பி வந்து வேறு வண்டி ஏறணும். "சாயங்காலம் தோணி ஏறுனா விடியக் காலம் தூத்துக்குடி" என்று அத்தா சொன்னதும் நான் குதித்த குதியில் பெரியம்மாவின் கைச்சொம்பு உருண்டது.

வைகையில் முழங்கால் தண்ணீருக்கே கூச்சல் போட்டவள் நான். பாய் விரிந்து தோணி சாய்ந்தபோது போட்ட சத்தத்தில் காக்காயெல்லாம் பறந்துவிட்டது. அத்தாவோ ஏறின உடனே குமட்டல் வந்து, கயிற்றுச் சுருள்மேல் சாய்ந்தவர்தான். பின்பக்கம் ஒரு போர்வையை மறைப்பாகக் கட்டி, அதற்குள் அம்மா கைக்குழந்தைத் தம்பியோடு உட்கார்ந்துகொண்டார். அந்நிய ஆண்களோடு பேச மாட்டார். அதனால் அம்மாவுக்கும் தண்டலுக்கும் நடுவே நான்தான் தபால்காரி. தண்டல் என்றால் தோணியின் தலைவர். தூத்துக்குடிக்காரர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார்.

அன்று ராத்திரி மணல் பெட்டிக்குள் இருந்த அடுப்பில் அம்மா சோறு பொங்கினார். எங்கள் வீட்டு வழக்கப்படி, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிகிற வரைக்கும் அரிசியைக் களைந்து களைந்து ஊற்றினார். தட்டு, சட்டி எல்லாம் கழுவினார். குடிதண்ணீர்ப் பீப்பாயிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தது நான். கடல் தண்ணீரில் அரிசியைக் களைந்துவிட்டு, உலைக்கு மட்டும் நல்ல தண்ணீர் வைப்பது தோணிக்காரர்கள் வழக்கமாம். மதுரைக்காரர்கள் அதை எங்கே கண்டோம்!

விடிந்தால் காற்று இல்லை. பாய் துவண்டு தொங்கியது. தூத்துக்குடியைக் காணவே காணோம். மிச்சச் சோற்றை அம்மாவும் நானும் ஒரே தட்டில் தின்று முடித்தோம். வெயில் ஏறினபோது ஒரு தோணிக்காரர் கத்தினார்: "அண்ணே, பீப்பாய்ல அடி தெரியுது!"

தண்டல் பீப்பாயை எட்டிப் பார்த்தார். பலகையில் காய்ந்து கிடந்த கழனித்தண்ணீர்க் கறையையும் பார்த்தார். போர்வைக்குள் அம்மாவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

"பழைய பீப்பாய்லா, ஒழுகியிருக்கும்" என்றார் தண்டல். "காத்து வாரவரைக்கும் ஆளுக்கு அரைச் சிரட்டைதான்."

அம்மா முறை வந்தபோது என் காதில் கிசுகிசுத்தார்: "நான் நோன்புன்னு சொல்லு. என் பங்கைத் தம்பிக்குக் குடு."

நான் தோணி அதிரக் கத்தினேன்: "அம்மா நோன்பாம்!"

தண்டல் கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைத்தார். "அப்போ எனக்கும் நோன்புதான் பிள்ள. இதையும் தம்பிக்கே குடு."

"அண்ணனுக்கு எப்பயிருந்து?" என்று ஒருவர் சிரித்தார்.

"பல்லைக் காட்டாம கயித்தைப் பிடில."

உச்சி வெயில் சாய்ந்த பிறகு காற்று வந்தது பாருங்கள்! துவண்டு கிடந்த பாய் படாரென்று உப்பியது. தோணி துள்ளியது, நானும் துள்ளினேன். முகமெல்லாம் உப்பு. அத்தாகூட எழுந்து உட்கார்ந்தார். சூரியன் இறங்குமுன்னே தூத்துக்குடி! தூரத்தில் கப்பல்கள், கரையெல்லாம் மூட்டைகள். தண்டல் இறங்கின வேகத்தில் அங்கிருந்த தண்ணீர் வண்டியில் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

"தண்டல் மாமா, நோன்பு!" என்று அலறினேன்.

"எங்க நோன்பு கரை மிதிச்சா முடிஞ்சுரும் பிள்ள" என்றார்.

மாமு வீட்டிலும் அதே கதை. பாங்கு சொல்லவில்லை, வெயில் இன்னும் சுவரில் இருக்கிறது, அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிக்கிறார்! "அம்மா நோன்பை முறிச்சிட்டாங்க!" என்று ஊரைக் கூட்டினேன்.

"இது என்ன மாசத்து நோன்பு? பயணத்துல யாரு பிடிக்கச் சொன்னா?" என்றார் மாமி. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு பெரிய சட்டி நிறைய நெய்ச்சோறு ஆக்கி, மாமு கையில் தோணிக்குக் கொடுத்தனுப்பினார். நோன்பை முறித்ததற்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். அல்லா அம்மாவை மன்னிக்கணும் என்று நெடுநாள் துஆவும் கேட்டேன்.

விவரம் தெரிந்த யாராவது இதைச் சரிபாருங்கள். கீழக்கரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தோணியில் எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம், எல்லாம் நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். அம்மாவின் நோன்பை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அன்று காலை ஒரே தட்டில் என்னோடு சோறு தின்றவர் அவர்.