பெரியப்பாவுக்கு முதுகு காட்டாத அப்பா

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்பது வயதுப் பெண் குறுக்கே பேசியிருக்க வேண்டுமா? இன்றுவரை என்னால் முடிவுசெய்ய இயலவில்லை.

காய்ச்சலுக்குப் பின் கைகால் அசையாமல்போன அப்பா, பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் படுத்திருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். நர்ஸ் அதற்காகக் கட்டிலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். அம்மா வீட்டுக்குப் போய்க் குளித்துவரும் மதியங்களில் மணி பார்த்து வார்டு ஆயாவைக் கூப்பிடுவதும், திருப்பியதும் அட்டையில் டிக் அடிப்பதும் என் வேலை. வகுப்பு லீடர் ஆனதுபோல் பெருமை எனக்கு.

ஒருநாள் பெரியப்பா வந்தார். வரப்புத் தகராறில் நான்கு வருடங்களாக எங்களோடு பேசாதவர். சிறுவாச்சூர் கோயில் குங்குமத்தை அப்பாவின் நெற்றியில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மழை, கடலை, மாடு என்று பேச்சு மெல்ல ஊறியது. மணி இரண்டானதும் நான் ஆயாவைக் கூப்பிட எழுந்தேன்.

“இரு கண்ணு,” என்றார் அப்பா தணிந்த குரலில். “அண்ணன் இப்பத்தான் வந்திருக்கு. முதுகக் காட்டிக்கிட்டுப் படுத்தா நல்லாவா இருக்கும்?”

நான்கு மணிக்கும் அதே பதில், இம்முறை கண்ணாலேயே. கட்டம் காலியாக இருந்தால் அம்மாவுக்குத் திட்டு விழும் என்று இரண்டு டிக்கையும் போட்டுவிட்டேன்.

ஐந்தரைக்கு நர்ஸ் வந்து போர்வையை விலக்கினார். இடுப்பெலும்பின் மேல் சிவப்பாக ஒரு வட்டம். விரலால் அழுத்தி எடுத்தார், சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம். அட்டையைப் பார்த்தார், பிறகு என்னை. நான் அழுதுவிட்டேன்.

“புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர், நான்தான் வேணாம்னேன்,” என்று அப்பா காரணத்தையும் சொன்னார்.

நர்ஸ் பெரியப்பாவிடம் திரும்பினார். “ஏங்க, அவரால அசைய முடியாது. நீங்க ஸ்டூலத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கலாம்ல?”

பெரியப்பா ஸ்டூலோடு எழுந்தார்.

அந்த இடத்தில் பாரம் படாமல் பார்த்துக்கொண்டதில் சில நாட்களில் சிவப்பு மறைந்தது. திரும்பிப் படுத்தால் பேச்சு அறுந்துபோகும், அண்ணன் மறுபடி வர இன்னும் எத்தனை வருடமோ என்று அப்பா பயந்திருக்கிறார். அது அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது என் மாமனார் அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்திருக்கிறார். கைக்குழந்தையோடு நான்தான் உடனிருக்கிறேன். பார்க்க வரும் உறவுகள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பக்கம் மாற்றும் நேரமானதும் எழுகிறேன், சொல்லத் தயங்கி மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன். வந்தவர்கள் மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.