பழைய ஆணியில் அப்பா

காதல் கல்யாணம் செய்துகொண்டு சேலையூரில் குடியேறியபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு மாடிப் போர்ஷன். முன்னறைச் சுவரில் மழைநீர் இறங்கிப் பெரிய கறை படிந்திருந்தது. வெள்ளையடித்தாலும் அடுத்த மழைக்கு எட்டிப் பார்த்துவிடும். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு வரும் என் கணவருக்குச் சுவர் எப்படி இருந்தால் என்ன? எனக்குத்தான் உறுத்தல். என்றாவது அப்பா இந்த வீட்டுக்கு வருவார், நாற்காலியில் உட்கார்ந்ததும் நேர் எதிரே அந்தக் கறையைத்தான் பார்ப்பார், பெண் இப்படித்தான் வாழ்கிறாளா என்று நினைப்பார்.

அப்பா வருவதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். கல்யாணச் செய்தி கேட்டதும், "அவளைத் தலைமுழுகியாச்சு" என்று திண்டிவனத்தில் தெருவே கேட்கும்படி சொன்னவர். அதன்பின் பேச்சே இல்லை. இருந்தாலும் வருவார் என்று நம்பித்தான் நான் குடித்தனம் நடத்தினேன். அவருக்காக நல்ல டம்ளர் இரண்டைப் புழங்காமல் எடுத்து வைத்திருந்தேன்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை இருந்தது. ஓட்டை அண்டா, கால் போன ஸ்டூல் இவற்றுக்கு நடுவே படச் சட்டங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். புதுசு ஒன்று வாங்கும் காசில் பழசு நாலைந்து வரும். சம்பளம் வந்ததும் ஒன்று என்று வாங்கி, கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்து, காலண்டரில் வெட்டிய மலை, அருவி, நானே பூத்தையல் போட்ட கைக்குட்டை என்று உள்ளே வைத்தேன். "அருவியை அந்தக் கறைமேல மாட்டு. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் கணவர்.

மாட்டுவதில்தான் வில்லங்கம். கீழே குடியிருந்த ஓனர் அம்மா அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். வயல்களெல்லாம் பிளாட்டாகிப் போனபின் இந்த வீட்டை உயிராகப் பார்த்துக்கொண்டார். முதல் நாளே, "இன்னா வேணா செஞ்சிக்கோம்மா, செவுத்துல மட்டும் ஆணி அடிக்காதே" என்று சொல்லிவிட்டார். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணிகள்தான் எங்களுக்குக் கதி. அவர்கள் எங்கே மாட்டினார்களோ அங்கேதான் நாங்களும். கறைக்கு நேரே ஓர் ஆணிகூட இல்லை.

சமையலறை வாசலுக்கு மேலே, நல்ல உயரத்தில், ஒரு பெரிய ஆணி இருந்தது. நான் வாங்கியதில் பெரிய சட்டத்தை அதுதான் தாங்கியது. தேக்கு மரம். மேல் மூலைகள் இரண்டிலும் மாலை போடக் குட்டிக் கொக்கிகள். மலிவாகக் கிடைத்த சட்டத்தில் கொக்கி இருந்தால் என்ன என்று அப்பாவின் படத்தை அதில் வைத்தேன். நான் பிறப்பதற்கு முன், கறுப்பு மீசையோடு ஸ்டூடியோவில் எடுத்தது. தங்கை ரகசியமாகக் கொடுத்தனுப்பியது. கீழே நிற்பவர்களுக்கு முகம் தெரியட்டும் என்று சற்று முன்னால் சாய்த்துக் கட்டினேன்.

ஓனர் அம்மா பார்த்துவிட்டு, "உங்கப்பாவா?" என்றார். ஆமாம் என்று சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் எந்நேரம் வரும் என்று தெரியாததால் எங்கள் சாவி ஒன்று ஓனர் அம்மாவிடம் இருக்கும். வந்தால் பிடித்து வைப்பார். தை அமாவாசையன்று சாயங்காலம் நான் திரும்பியபோது அவர் மாடிப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"ஒரு பெரியவர் வந்து கீறாரும்மா. உங்கப்பான்றாரு. அவர்தான் செத்துப் பூட்டாரேன்னு நான் படத்தக் காட்டிட்டேன்!"

மேலே ஓடினேன். கையில் துணிப்பையோடு அப்பா தன் படத்தின் கீழேயே நின்றிருந்தார். படத்தில் இரண்டு கொக்கிகளிலும் மல்லிகைச் சரம். கண்ணாடியில் நெற்றிக்கு நேராகச் சந்தனம், குங்குமம். காலையில் தண்ணீர் பிடிக்க வந்த ஓனர் அம்மா, அமாவாசையும் அதுவுமாய்ப் படம் வெறுமனே இருக்கிறதே, வேலைக்கு ஓடுகிற பெண் மறந்துவிட்டது போல என்று, தன் மாமனார் படத்துக்கு வாங்கிய பூவில் கொஞ்சம் கொண்டுவந்து போட்டிருக்கிறார். அப்பாவோ அமாவாசை நல்ல நாள் என்று அன்றைக்குப் பார்த்துத்தான் பஸ் ஏறியிருக்கிறார்.

இத்தோடு இறங்கிப் போய்விடுவார், இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார். "நான் போடலைப்பா..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன்.

அப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வாயாலதான் தலைமுழுகினேன். நீ பூவே போட்டுட்டே" என்றார்.

திட்டுகிறாரா என்று புரியவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். கண்ணில் தண்ணீரும் இருந்தது. ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி, பூவை எடுத்துவிட்டு, துண்டு நுனியால் பொட்டைத் துடைத்தார்.

"உயிரோட இருக்கறவனுக்கு அவ்வளவு உசரம் எதுக்கு? கண்ணுக்கு நேரா மாட்டு."

"அங்கே ஆணி இல்லப்பா. அடிக்கவும் கூடாது."

வாசலில் நின்றிருந்த ஓனர் அம்மா விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் நீளமான ஆணி.

"அந்தக் கறை கீதே, அதும்மேலயே அடிங்க சார்" என்று அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அடித்த அடியில் ஊறிப்போன காரை உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. ஓனர் அம்மா குனிந்து கையாலேயே அதை அள்ளினார். நான் காபி போட்டேன். அந்த இரண்டு நல்ல டம்ளர்களில் ஒன்று அப்பாவுக்கு, ஒன்று ஓனர் அம்மாவுக்கு.